துணியில் படியாத சாம்பல்

கொடியில் காயும் துணியில் சாம்பல் படிகிறது என்பது எண்ணூர், அத்திப்பட்டு பக்கத்து மக்களின் பழைய புகார். சுற்றிலும் நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையங்கள்.

துணியில் படிவதை உதறிவிடலாம். நுரையீரலின் ஆழம்வரை இறங்குவது 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் (பி.எம். 2.5); தலைமுடித் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. இதில் கணிசமான பங்கு, புகைபோக்கியை விட்டு வரும்போது துகளாகவே இருப்பதில்லை. நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு வாயுவாகப் போகிறது. காற்றில் போகப்போக சல்பேட் துகளாகிறது. சாம்பலைப் பிடிக்கும் இ.எஸ்.பி. கருவியால் வாயுவைப் பிடிக்க முடியாது. அதற்கென இருப்பது எஃப்.ஜி.டி. கருவி. 2015 டிசம்பரில் மத்திய அரசு கந்தக வாயுவுக்கு வரம்பு வைத்தது. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த வரம்பிலிருந்தே விலக்கு கிடைத்துவிட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவாம். குறைவுதான், எரிக்கும் டன் குறைவில்லையே!

சல்பேட் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பூமியைச் சற்றே குளிர்விக்கும் என்பது உண்மை. ஆனால் அது சில நாளிலேயே கீழே இறங்கிவிடும். அதே கரி விட்ட கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் தங்கும். காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்ட கதைதான். மேலும், வெயிலை மறைத்து, பருவக்காற்றை இழுக்கும் நிலச்சூட்டை இத்துகள்கள் குறைக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்மேற்குப் பருவமழை நலிந்ததில் இவற்றுக்குப் பங்குண்டு என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை.

மாசற்ற காற்று வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. அதைக் கேட்டு வாங்க முதல் படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். "மாசு உள்ளதா?" என்று கேட்காதீர்கள்; "வரம்புக்குள் உள்ளது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். புகைபோக்கி அளவீடுகளைத் தேதிவாரியாகக் கேளுங்கள். ஊர்க்காற்றின் பி.எம். 2.5 அளவையும் கேளுங்கள். 24 மணி நேரச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15.

அடுத்தது, சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம் உண்டு. மற்ற சுற்றுச்சூழல் தகராறுகளுக்குப் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான். வாரியத்தின் பதிலுக்காகக் காத்திருந்து இந்த அவகாசத்தைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். சாம்பல் படிந்த நாளை இன்றே காலண்டரில் குறித்து, தேதியோடு படமும் எடுத்து வையுங்கள்.