ஆதார் பிடிஎஃப்பும் எட்டெழுத்துச் சாவியும்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் உள்ள பிரவுசிங் சென்டர்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "பாஸ்வேர்டு என்னங்கய்யா?" என்று கடைப் பையன் கேட்பான். "பேரோட முதல் நாலு எழுத்து, அப்புறம் பொறந்த வருஷம்" என்பார் பெரியவர். பையன் எட்டு விசைகளைத் தட்டுவான், ஆதார் திறக்கும், பிரின்டர் ஓடும். வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பிடிஎஃப் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும்.

என்கிரிப்ஷன் எனப்படும் மறையாக்கத்தை நம்மில் பெரும்பாலோர் முதன்முதலில் கையால் தொட்டது இந்த எட்டெழுத்தில்தான். கோப்பில் உள்ள பெயர், முகவரி, எண் எல்லாவற்றையும் ஒரு கணக்கு முறைப்படி கலைத்துப்போட்டு, சாவி வைத்திருப்பவர் மட்டும் மீட்டெடுக்கும்படி செய்வதுதான் மறையாக்கம். தங்கவயல்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஒரு டன் கல்லில் சில கிராம் தங்கம்தான் இருக்கும். அந்தக் கல்லை ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடினாலும், அரைக்கும் மில்லும் சயனைடும் இல்லாவிட்டால் அவன் கையில் இருப்பது கல்தான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. கல்லை விடாமல் இடித்தால் கொஞ்சமாவது தங்கம் தேறும். நன்றாக மறையாக்கிய கோப்போ, சாவி இல்லாதவனுக்கு ஒரு எழுத்தைக்கூடத் தராது.

இன்று உலகம் முழுக்கப் புழங்கும் முறையின் பெயர் ஏஇஎஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இருவர் வடிவமைத்தது. நம் சுரங்கங்கள் மூடப்பட்ட அதே 2001-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க அரசு இதைத் தன் தரமாக அறிவித்தது. இதன் மிகச் சிறிய சாவி 128 பிட் நீளம். அதாவது 34-க்குப் பின்னால் 37 பூஜ்யம் போட்டால் வருகிற அளவுக்குச் சாவிகள் சாத்தியம். நொடிக்கு லட்சம் கோடி சாவிகளைப் போட்டுப் பார்க்கும் இயந்திரம் இருந்தாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப் போலப் பல கோடி மடங்கு காலம் ஆகும். இதற்கு முன்னிருந்த டிஇஎஸ் முறையின் சாவி 56 பிட்தான். 1998-இல் அதற்கென்றே கட்டிய ஒரு கணினி 56 மணி நேரத்தில் அதை உடைத்துக் காட்டியது. சாவியின் நீளம் அவ்வளவு முக்கியம்.

அப்படியானால் ஹேக்கர்கள் எப்படி ஜெயிக்கிறார்கள்? கணக்கை அவர்கள் உடைப்பதில்லை, சாவியை ஊகிக்கிறார்கள். ஆதார் பிடிஎஃப்பையே எடுத்துக்கொள்வோம். பெயர் சுரேஷ், பிறந்தது 1990 என்றால் கடவுச்சொல் எஸ், யு, ஆர், இ, அதன்பின் 1990. இந்த விதியை ஆதார் ஆணையமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பெயர் ஏற்கெனவே தெரிந்தவனுக்குப் பாக்கி இருப்பது பிறந்த ஆண்டு ஒன்றுதான். உயிரோடு இருக்கும் ஒருவருக்கு நூறு ஆண்டுகளை முயன்றால் போதும், கணினிக்கு அது கண் சிமிட்டும் வேலை. உள்ளே எவ்வளவு வலுவான மறையாக்கம் இருந்தாலும் பயனில்லாமல் போகிறது. அந்தக் கடவுச்சொல் தற்செயலாகத் திறப்பவரைத் தடுக்கும், தேடி வருபவனைத் தடுக்காது. இதை நாம் தெரிந்து வைத்துக்கொண்டே புழங்க வேண்டும்.

ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே 27-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டவர்களிடமும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள், பொதுக் கணினியில் ஆதாரை இறக்கினால் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்றது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி மத்திய அமைச்சகம் இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. என்னைக் கேட்டால் அந்த அறிவுரை அத்தனையும் சரி. உயிர்ச் சான்று போன்ற பென்ஷன் வேலைக்கு முழு எண் தேவைப்படும். லாட்ஜில் அறை எடுக்க மாஸ்க்டு ஆதார் போதும்.

செல்போன் விஷயத்தில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவர் போனைத் தொலைத்தாலும், திரைப்பூட்டு போட்டிருந்தால் உள்ளே இருப்பதை எடுப்பது எளிதல்ல. அண்மைக்கால ஆண்ட்ராய்டு போன்களும் ஐபோன்களும் சேமிப்பகத்தைத் தாமாகவே மறையாக்கி வைக்கின்றன. நான்கு இலக்கப் பின்னுக்குப் பத்தாயிரம் வாய்ப்புகள்தான் என்றாலும், சில தவறான முயற்சிகளுக்குப் பின் போன் காத்திருக்க வைக்கும். ஆறு இலக்கம் வைப்பது இன்னும் நல்லது, அதுவும் பிறந்த தேதியாக இருக்கக் கூடாது.

வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் அனுப்புபவர், பெறுபவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டே போகின்றன. ஆனால் அந்தப் பாதுகாப்பு வழியில் மட்டும்தான். கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு நீங்கள் அனுப்பிய பாஸ்புக் படம் அங்கே போய்ச் சேர்ந்ததும் வெறும் படம். கூகுள் டிரைவில் சேரும் பேக்கப்பும் தானாக அதே அளவு பாதுகாப்பைப் பெறுவதில்லை. 2021 முதல் அமைப்புகளில் அதற்குத் தனி வசதி உண்டு. அதை நாம்தான் இயக்க வேண்டும். பெரும்பாலோர் தொட்டதே இல்லை.

பென் டிரைவ்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. மூடிய சுரங்கத்தின் பழைய தொழிலாளர்களுக்காக ஏதாவது ஒரு சங்கம் உறுப்பினர் பட்டியல் வைத்திருந்தால், அதில் பி.எஃப். எண், வங்கிக் கணக்கு, சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கான மருத்துவச் சான்று எல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருக்கும். பையிலிருந்து விழுந்த பென் டிரைவை எடுத்தவர் எந்தத் தடையும் இல்லாமல் படிக்கலாம். 7-ஜிப், வெராகிரிப்ட் இரண்டும் இலவச மென்பொருள்கள், இரண்டிலும் ஏஇஎஸ் உண்டு. 7-ஜிப்பில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, சுருக்கும்போது கடவுச்சொல் கொடுத்து, கோப்புகளின் பெயரையும் மறைக்கும் கட்டத்தில் டிக் போட்டால் போதும். பிறகு மூலக் கோப்பை அழித்துவிட வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். கடவுச்சொல்லாக ஊர்ப் பெயரும் 123-ம் வேண்டாம், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்கள் நல்லது. அது மறந்துபோனால் எந்தக் கம்பெனியாலும் மீட்டுத்தர முடியாது. ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். வீட்டு பீரோ வரை வந்து திருடும் ஹேக்கர் அரிது.

இதே மறையாக்கம் திருடன் கையிலும் ஆயுதமாகும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைத் தாக்கியவர்கள் அங்கிருந்த தரவைத் தங்கள் சாவியால் மறையாக்கிவிட்டார்கள். இரண்டு வாரம் போல ஓபி சீட்டுகள் கையால் எழுதப்பட்டன. தாக்குதலில் சிக்காத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் நோயாளிகளின் விவரம் மீண்டது. ஆகவே மறையாக்கிய கோப்புக்கும் ஒரு பிரதி வேண்டும், அது கணினியோடு இணைக்காமல் தனியே இருக்க வேண்டும்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்க உரிய ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சங்கமோ கடையோ அந்தத் தொகைக்குப் பயந்து இதைச் செய்ய வேண்டியதில்லை. மண்ணுக்கடியில் நுரையீரலைக் கொடுத்தவர்களின் பெயரும் கணக்கு எண்ணும் உங்கள் கணினியில் இருந்தால், அந்தக் கோப்பை இன்றைக்கே மறையாக்குங்கள்.