புராஸ்டேட் புற்று: பாயுமா, பதுங்குமா?

புராஸ்டேட் புற்றுநோய் எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சிலருக்கு அது பல ஆண்டுகள் சுரப்பிக்குள்ளேயே சும்மா கிடக்கும். சிலருக்கோ சீக்கிரமே எலும்புவரை பரவிவிடும். எது எந்த வகை என்று முன்கூட்டியே சொல்ல உதவும் தடயங்களே உயிரிக்குறிப்பான்கள்.

அவற்றில் பலரும் அறிந்தது, புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை. சிகிச்சை பெற்றவர்களைக் கண்காணிக்க 1986-லும், நோயைக் கண்டறிய உதவியாக 1994-லும் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. ஆனால், வயதானால் வரும் சாதாரண வீக்கத்திலும் கிருமித்தொற்றிலும்கூட பி.எஸ்.ஏ. எகிறும். புராஸ்டேட் ஆன்டிஜென் ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்லினே, எல்லா ஆண்களுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்வதை 2010-ல் நியூயார்க் டைம்ஸில் கடுமையாகச் சாடினார். சுரப்பியை அகற்றிய பிறகு கதை வேறு. அப்போது பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பூஜ்யமாகிவிட வேண்டும். மறுபடி ஏறினால் நோய் திரும்புகிறது என்று பொருள். எவ்வளவு வேகமாக இரட்டிப்பாகிறதோ, அவ்வளவு ஆபத்து.

பயாப்ஸித் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து மதிப்பெண் போடும் முறையை 1960-களில் டொனால்ட் கிளீசன் உருவாக்கினார். 6 என்றால் பெரும்பாலும் சாது, 8-ம் அதற்கு மேலும் என்றால் முரடு. இடையில் வரும் 7-தான் மருத்துவர்களைக் குழப்புவது.

அந்தக் குழப்பத்தைக் குறைக்க மரபணுச் சோதனைகள் வந்தன. 'டெசிஃபர்' 22 மரபணுக்களையும் 'ஆன்கோடைப்' 17 மரபணுக்களையும் திசுவில் அளந்து, புற்றின் மூர்க்கத்தைக் கணிக்கின்றன. பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் பிறவியிலேயே பிழை உள்ளவர்களுக்கு நோய் மூர்க்கமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முற்றிய நோயில் கேள்வி மாறுகிறது: எந்த மருந்து பலிக்கும்? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2014-ல் 62 நோயாளிகளின் ரத்தத்தில் சுற்றும் புற்றணுக்களைச் சோதித்தார்கள். 'ஏ.ஆர்-வி7' என்ற குறிப்பான் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட ஹார்மோன் தடுப்பு மருந்துகளான என்சாலுடமைடோ அபிராடெரோனோ பி.எஸ்.ஏ.வைப் பாதியாகக் குறைக்கவில்லை. ஆய்வு சிறியதுதான், ஆனாலும் பலன் தராத மருந்தில் மாதங்களைக் கழிக்காமல் கீமோதெரபிக்கு மாறலாமா என்று யோசிக்க அது வழிகாட்டியது.

நோய் பரவாத நிலையில் பெரும்பாலும் அவசரம் தேவையில்லை. பிரிட்டனின் 'புரொடெக்ட்' ஆய்வில் கண்காணிப்பு, அறுவை, கதிரியக்கம் என மூன்று பிரிவிலும் 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம் மட்டுமே. ஆகவே, பி.எஸ்.ஏ. எண்ணை மட்டும் பார்த்துப் பதறாமல், அது ஏறும் வேகம், கிளீசன் மதிப்பெண், குடும்பத்தில் புற்றுநோய் வரலாறு ஆகியவற்றை மருத்துவரிடம் பேசிய பிறகே சிகிச்சையை முடிவுசெய்யுங்கள்.