ஒரு பழைய படமும் பழசாகாத கேள்வியும்

வேகமே கலை என்று எண்ணும் காலம் இது. ஆதலின், 1920-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘வே டவுன் ஈஸ்ட்’ என்னும் பேசாப் படத்தை அண்மையில் நாம் பார்த்தபோது, உடனிருந்த வாலிப நண்பர்கள் அரை மணி நேரத்துக்குள் கொட்டாவி விடத் தொடங்கியதில் வியப்பில்லை. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடும் கிராமத்துக் கதை அது. இதற்கு மூலமான நாடகம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரங்கேறியது; படமெடுத்த நாளிலேயே பழம்பஞ்சாங்கம் என்று பெயரெடுத்துவிட்டது. எனினும் இயக்குநர் கிரிஃபித் அதன் உரிமையை 1,75,000 டாலர் கொடுத்து வாங்கினார்.

கதை எளியது. உறவினரிடம் உதவி நாடிப் பாஸ்டன் நகருக்குச் சென்ற அன்னா என்னும் ஏழைப் பெண்ணை, ஸாண்டர்ஸன் என்னும் சீமான் போலி விவாகம் செய்து ஏமாற்றிக் கைவிடுகிறான். பிறந்த குழந்தை சாகும் தறுவாயில், பாதிரியார் இல்லாத அறையில் தாயே அதற்கு ஞானஸ்நானம் செய்விக்கிறாள். இயக்குநர் இங்கே சிறிதும் அவசரப்படவில்லை. லில்லியன் கிஷ்ஷின் முகத்தையே நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. கொட்டாவி விட்ட நண்பர்கள் இப்போது அசையவில்லை.

பிறகு அன்னா ஒரு பண்ணை வீட்டில் வேலைக்கு அமர்கிறாள். வேதம் தவறாத கிழவர், அன்புள்ள மனைவி, மறதிக்காரப் பேராசிரியர், ஊர்வம்பு பேசும் மாது என்று ஒருவர் பின் ஒருவராக வருகின்றனர். கதை நகர்வதாகவே தெரியவில்லை. வம்பு பேசும் மாதைப் பார்த்து நாமும் சிரிக்கிறோம். அவ்வம்புதான் பின்னர் அன்னாவின் பழங்கதையை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. கிழவர் வாசலை நோக்கி விரல் நீட்டுகிறார். வெளியே பனிப்புயல். என்னைப் பற்றி இவ்வளவு துருவி அறிந்தீர்களே, உங்கள் மேஜையில் விருந்தாளியாக அமர்ந்திருக்கும் இவனைப் பற்றி ஏன் அறியவில்லை என்று அவள் ஸாண்டர்ஸனைச் சுட்டிக் கேட்கிறாள்.

மந்தகதியின் பயன் இங்கேதான் விளங்குகிறது. ஒரு மணி நேரமாக அவ்வீட்டாருடன் பழகிவிட்ட நாம், அந்த விரலை அந்நியர் விரல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. எந்த வம்பைக் கேட்டுச் சிரித்தோமோ, அதுவே தீர்ப்பாகிவிட்டது.

அதன்பின் வரும் பனியாற்றுக் காட்சியை உலகமே புகழ்ந்திருக்கிறது. வெர்மான்ட் மாகாணத்தின் மெய்யான ஆற்றில், மெய்யான பனிப்பாளத்தின்மேல், உறைகுளிர் நீரில் கையை விட்டுக் கிஷ் கிடந்தார். அந்தத் துணிவை நாமும் வியக்கிறோம். ஆயினும் படத்தின் உச்சம் ஆறு அன்று. சாப்பாட்டு மேஜையே என்பது நமது அபிப்பிராயம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அன்னா ஏமாற்றப்பட்டவள் என்பதாலேயே படம் அவளை மன்னிக்கிறது. அறிந்தே தவறியிருந்தால் கிழவரின் விரலைச் சரியென்றே சொல்லியிருக்கும் போலும். மேலும், 1915-இல் கு க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தைப் போற்றி, நீக்ரோ மக்களை இழிவுபடுத்திப் படமெடுத்தவரும் இதே கிரிஃபித்தான். ஓர் அநீதியைக் கண்ட கண் மற்றொன்றைக் காணாதிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1920 ஆகஸ்டில் அமெரிக்க ஸ்திரீகளின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் ஏறியது. மறுமாதமே இப்படம் திரைக்கு வந்தது. வாக்குரிமையைச் சட்டம் அளித்துவிடலாம். பெண்ணுக்கு ஒரு நியாயம், ஆணுக்கு ஒரு நியாயம் என்று வகுக்கும் சாப்பாட்டு மேஜையைத் திருத்துவதற்குச் சட்டம் மட்டும் போதாது. அந்த மேஜையில் அமர்ந்திருப்பவர்களே எழுந்து அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.