பாகப்பிரிவினைன்னா ஈஸ்ட்கிட்ட கத்துக்கணும்!

அண்ணன், தம்பி சொத்துப் பிரிக்கிறார்கள். நகை, பாத்திரம் எல்லாம் சரிபாதி ஆகிவிட்டது. ஆனால் வீட்டு நடுவில் சுவர் எழும்பவில்லை. அல்லது, சுவரை அவசரமாக எழுப்பிவிட்டார்கள். மொத்தச் சொத்தும் அண்ணன் பக்கம் மாட்டிக்கொண்டது. ரெண்டுமே கோர்ட் கேஸ்தான்!

கோர்ட் படி ஏறாமல் இந்தக் காரியத்தைக் கச்சிதமாக முடிக்கும் ஆசாமி ஒருவர் உண்டு. ஈஸ்ட்! ஏற்காட்டில் தொட்டி தொட்டியாக இருக்கிறார்.

நாமெல்லாம் ஏற்காடு போனால் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் ஸீட்டில் நின்று சேலத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிற கேஸ். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காபியை யார் கவனிக்கிறோம்? ஒரு ஜனவரியில் எஸ்டேட் ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தேன். பல்ப்பரில் தோல் உரிந்த காபிக்கொட்டை வழவழவென்று தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கையை விட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"சொரசொரன்னு ஆயிட்டா கழுவிடலாம் ஸார்."

"வழவழப்பை யார் எடுக்கறாங்க?"

"அதுவா புளிச்சுப் போயிடும் ஸார்."

'அதுவா' இல்லை, பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து பார்க்கிற வேலை அது. தின்று, பெருகி, மறுபடி தின்று...

ஈஸ்ட்டில் பல ஜாதி. பெரும்பாலானவை மொட்டு விட்டுப் பெருகும். சில ஜாதிகள் மட்டும் நம் பாகப்பிரிவினை மாதிரி நட்ட நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகும். அதில் ஒன்றின் பெயர் ஸைஸோசாக்கரோமைசிஸ் பாம்பே. நம்ம பம்பாய் இல்லை ஸார்! ஸ்வாஹிலி மொழியில் 'பாம்பே' என்றால் பீர். கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுதானிய பீரிலிருந்து 1893-ல் பிரித்தெடுத்தார்கள்.

இதன் சொத்து மொத்தம் மூன்றே குரோமோசோம். முதலில் நகல் எடுத்து, ஆளுக்கு ஒரு செட்டாக இரு முனைக்கும் இழுத்துவிடும். நடுவில் ஒரு வளையம். நம் புஜத்தில் இருக்கும் அதே ஆக்டின், மயோசின் சரக்குதான். பாட்டியின் சுருக்குப் பை மாதிரி அது இறுக இறுக, பின்னாலேயே சுவர் எழும்பும்.

எப்போது இறுக்குவது? அதற்கு ஒரு புரதச் சங்கிலி உத்தரவு போடுகிறது. சுருக்கமாக 'ஸின்' என்கிறார்கள். இங்கிலீஷில் பாவம்! உத்தரவு வராவிட்டால் நியூக்ளியஸ் 2, 4, 8 என்று பெருகும்; சுவரே வராது. ஒரே வீட்டில் எட்டுக் குடித்தனம். உத்தரவு நிற்காமல் வந்தாலோ, சுவருக்குப் பக்கத்தில் சுவர். வீடு முழுக்கச் சுவர்; குடியிருக்க ஆளில்லை!

இன்னொரு சங்கதிதான் காமர்ஸ் படித்த என்னை அசத்தியது. சுவர் வேலை பாதியில் தடைப்பட்டால்? செல் காத்திருக்கிறது. வளையத்தைக் கலைக்காமல், அடுத்த பிரிவினையைத் தொடங்காமல், அப்படியே நிற்கிறது. மார்ச் 31 கணக்கு டேலி ஆகாமல் ஏப்ரல் லெட்ஜரைத் தொடாத பழைய அக்கவுண்டன்ட்! 2000-ஐ ஒட்டிய வருடங்களில் இந்தக் காத்திருப்பைத் துருவிய பல ஆய்வாளர்களில் ஒருவர், அன்று சிங்கப்பூரிலும் பிறகு இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய மோகன் பாலசுப்ரமணியன்.

பீர் ஈஸ்ட் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? இதே ஈஸ்ட்டில் செல் பிரிவதை ஆளும் ஜீனைக் கண்டுபிடித்தவர் பால் நர்ஸ். அந்த ஜீன் பழுதான ஈஸ்ட்டுக்கு மனித ஜீனைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்கிறது என்று 1987-ல் அவர் குழு காட்டியது. 2001-ல் நோபல் பரிசில் பங்கு வாங்கினார். நம் உடம்பிலும் நடுவில் வளையம் இறுகித்தான் செல் இரண்டாகிறது. கல்லீரலில் இரண்டு நியூக்ளியஸோடு சௌக்கியமாக இருக்கும் செல்கள் உண்டு. ஆனால் பிரிய வேண்டிய செல் பிரியாமல், இரட்டைச் சொத்தோடு அடுத்த பிரிவினைக்குக் கிளம்பினால், குரோமோசோம் கணக்கு தாறுமாறாகும். புற்றுநோய்க்குப் போகும் வழிகளில் அதுவும் ஒன்று.

ஆபீஸில் பாதி முடித்த ஃபைலை அப்படியே மூடி, அடுத்த ஃபைலைத் திறக்கும் நண்பர்களே, ஈஸ்ட் அப்படிச் செய்வதில்லை.

மூளை இல்லாததால் இருக்கலாம்!