பழைய கணினி, புதிய பாகம், கையில் ஒரு பற்றுச்சீட்டு

ஒளிப்படத் திருத்தம், வீடியோ தொகுப்பு, அழைப்பிதழ் வடிவமைப்பு போன்ற வேலைகளுக்கு வாங்கிய கணினி ஏழெட்டு ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அப்போது பாகங்களை மாற்றுவதா, புதிதாக வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது. கொழும்பில் இது இலேசான கேள்வி அல்ல. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கூடிவிட்டது. வெள்ளவத்தையில் கல்யாண வீடியோ செய்பவருக்கும், கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சகம் நடத்துபவருக்கும் ஒரு தவறான கொள்வனவு பல மாத வருமானத்தை விழுங்கிவிடும்.

முதலில் தெரிய வேண்டியது, கணினி எந்த இடத்தில் திணறுகிறது என்பது. அன்றாட வேலையில் வரும் மிகப் பெரிய கோப்பைத் திறந்து, வழக்கம்போல் வேலை செய்துகொண்டே டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் போதும். டிஸ்க் 100 வீதத்தில் நின்றுகொண்டு மற்றவை சும்மா இருந்தால் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க். அது வினாடிக்கு 100 முதல் 150 மெகாபைட் வரைதான் வாசிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500ஐத் தாண்டும். செலவுக்கு ஏற்ற பலன் இந்த மாற்றத்தில்தான் அதிகம். ரேம் நிரம்பி வழிந்தால் ரேம் கூட்ட வேண்டும்: ஃபோட்டோஷொப்புக்கு 8 ஜிபி அடிமட்டம், 16 ஜிபி இருந்தால் நிம்மதி, டாவின்சி ரிசால்வ் போன்ற வீடியோ மென்பொருளுக்கு 16 ஜிபியே தொடக்கம். ப்ரொசஸர்தான் முட்டி நிற்கிறது என்றால் நிலைமை வேறு. அதை மாற்றப் போனால் பெரும்பாலும் மதர்போர்டும், அதற்கேற்ற ரேமும் மாற வேண்டும். அந்தச் செலவு புதிய கணினி விலையின் பாதியை நெருங்கினால் பழையதில் காசு போடக் கூடாது.

கடலோர வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஒழுங்கைகளில் உப்புக் காற்று கணினிப் பெட்டிக்குள்ளும் போகும். மூடியைக் கழற்றினால் விசிறியில் பிசுபிசுப்பான தூசி, திருகாணிகளில் துரு, ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளில் மங்கல். திடீரென நின்றுபோகும் கணினி பல வேளைகளில் அந்தத் தொடுமுனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்ததுமே சரியாகிவிடும். மதர்போர்டில் கப்பாசிட்டர்களின் தலை புடைத்திருந்தால் அந்தக் கணினிக்குப் புதிய பாகம் வாங்குவது வீண்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளருக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் 2026 ஒக்டோபர் 13 வரை நீண்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வசதி வேண்டும். இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் ஏற்கப்படும். அதற்கு முந்திய இயந்திரத்தில் எவ்வளவு ரேம் போட்டாலும் இந்தத் தடை விலகாது.

தமிழ் அச்சுத் தொழிலுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. பல அச்சகங்களின் பழைய வேலைகள் பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் கோப்புகளாகக் கிடக்கின்றன. இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் அவற்றைத் திறக்கும். அதன் பின் வந்த பதிப்புகள் திறக்கா. அடோபி மென்பொருள்கள் டைப் 1 எழுத்துருக்களையும் கைவிட்டுவிட்டன. இன்டிசைனில் அது 2023இல் நடந்தது. ஆகவே பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே முக்கியமான கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ள வேண்டும். உரையை யூனிகோடுக்கு மாற்றித் தனியாகவும் சேமிக்க வேண்டும். இதைச் செய்யாமல் பழையதை விற்றவர்கள் இருபது வருட உழைப்பைச் சேர்த்தே விற்றிருக்கிறார்கள்.

கணினியைத் திருத்தக் கடையில் கொடுக்கும் முன் தரவுகளை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. 2008இல் ஹொங்கொங்கில் ஒரு நடிகர் திருத்தக் கொடுத்த மடிகணினியிலிருந்து அந்தரங்கப் படங்கள் களவுபோய் உலகெங்கும் பரவின. அடுத்த ஆண்டு அந்தத் தொழில்நுட்பவியலாளருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது, படங்கள் திரும்பவில்லை. கல்யாணப் படங்களையும் அடையாள அட்டைப் பிரதிகளையும் வைத்திருக்கும் ஸ்டூடியோவின் பொறுப்பு இதைவிடப் பெரியது, அவை பிறருடையவை. கோப்பை அழித்தாலும் டிஸ்க்கிலிருந்து அது உடனே போய்விடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ‘மென்பொருள் இலவசமாகப் போட்டுத் தருகிறோம்’ என்று கிராக் செய்த பிரதியை ஏற்றினால், அதன் வழியே நச்சுநிரல் வரலாம். அதோடு, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அது குற்றமும் ஆகும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினாலும் வாங்குபவரைக் காப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். வாங்குபவர் தன் தேவையைச் சொல்லியிருந்தால், கிடைக்கும் பொருளும் சேவையும் அதற்கு நியாயமான அளவு பொருந்தும் என்ற உத்தரவாதம், எழுதப்படாவிட்டாலும், கொடுக்கல் வாங்கலில் அடங்கியிருக்கிறது. வாய்ப்பேச்சை விசாரணையில் நிரூபிப்பது கடினம். எனவே பற்றுச்சீட்டிலேயே ‘4கே வீடியோ தொகுப்புக்கு’ என்று நோக்கத்தை எழுதுவிக்க வேண்டும். பாகத்தின் மாதிரி, தொடர் இலக்கம், புதியதா பாவித்ததா, உத்தரவாதம் இறக்குமதியாளருடையதா கடையினுடையதா என்பவையும் அதில் இருக்க வேண்டும். கடை மூடிவிட்டால் கடை உத்தரவாதமும் அதோடு போய்விடும்.

பொருள் பழுதாகிக் கடைக்காரர் கைவிரித்தால், முதலில் அவருக்கு எழுத்தில் அறிவித்து அதன் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் அதிகார சபையிடம் முறையிடலாம். விசாரணைக்குப் பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ அது கட்டளையிட முடியும். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு தந்திருப்பதால் முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். அலுவலகம் கொழும்பு 2, வொக்சோல் வீதியில் இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1977. ‘அடுத்த வாரம் வாங்க’ என்று கடைக்காரர் தவணை சொல்லிக்கொண்டே இருந்தாலும் காத்திருக்கக் கூடாது: முறைப்பாடு எழுத்தில், பொருள் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.