அலுமாரிக்குள் இருக்கும் பொஹீமியன்

பொஹீமியன் பாணி என்ற பெயரில் நுகேகொடை ஹைலெவல் வீதிக் கடைகளில் தொங்கும் உடுப்புகளை இருபது வயதுப் பிள்ளைகள்தான் அதிகம் எடுத்துப் பார்க்கிறார்கள். தளர்ந்து விழும் நீளப் பாவாடை, அச்சுக்கட்டையால் பூப்பதித்த பருத்திச் சட்டை, அதன் மேல் முன்பக்கம் திறந்த ஓர் அங்கி, கழுத்தில் இரண்டு மூன்று மணிமாலை, கையில் வெள்ளிக் காப்புகள், தோளில் துணிப்பை. கூட வந்த அம்மாவோ பெரியம்மாவோ "இது எங்களுக்குச் சரிவராது, வயது போயிட்டுது" என்று தள்ளி நிற்பார். அப்படித் தள்ளி நிற்கத் தேவையில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கினால் இந்தப் பாணி எடுபடாது. பல ஊரில், பல காலத்தில், பல கைகளால் செய்யப்பட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து உடுப்பதில்தான் அதன் அழகே இருக்கிறது. அப்படிச் சேர்வதற்கு ஆண்டுகள் வேண்டும். இருபது வயதுக்காரி காசு கொடுத்து வாங்கும் அந்தப் 'பழைய' தோற்றம், ஐம்பதைத் தாண்டியவரின் அலுமாரியில் நிஜமாகவே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இது வெளிநாட்டுக்காரரின் பாணி என்பதுதான் முதலில் எழும் ஆட்சேபம். அதில் பாதி உண்மை. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கையில் காசில்லாத ஓவியர்களும் எழுத்தாளர்களும் பழைய உடுப்பையும் தூரதேசத்துத் துணியையும் கலந்து உடுத்த காலத்திலிருந்து இந்தப் பெயர் வழங்கிவருகிறது. 1960களிலும் 70களிலும் ஹிப்பிகள் தரைவழியாக இந்தியா வந்து, இங்கே ஹிக்கடுவை, அறுகம்பை வரைக்கும் வந்து தங்கிப் போன பிறகு அது உலகெங்கும் பரவியது. ஆனால் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனவை எவை? ராஜஸ்தானின் அச்சுப் பருத்தி, குஜராத்தின் கண்ணாடி வேலை, ஆந்திரக் கரையின் கலம்காரி, கட்டம்போட்ட சென்னைத் துணி. இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் ஐரோப்பாவில் குவிந்தன. பெண்கள் அவற்றையே கேட்டு வாங்க, அங்கத்தைய நெசவுத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அந்தத் துணிகளைத் தடைசெய்து வைத்திருந்தது. இங்கிலாந்து 1721இல் அச்சிட்ட பருத்தியை உடுப்பதையே சட்டவிரோதமாக்கி, 1774 வரை அந்தத் தடையை எடுக்கவில்லை. அந்தத் துணிகளின் கரையாத சிவப்புக்கு வேண்டிய சாயவேர் விளைந்த நிலங்களில் மன்னாரும் யாழ்ப்பாணமும் உண்டு. மணற்பாங்கான தரையில் குழி தோண்டி எடுக்கப்பட்ட அந்த மெல்லிய வேர் ஒல்லாந்தர் காலத்தில் அரசுக்கு வருமானம் தந்த பொருள். நம் மண்ணின் சிவப்பு கடல் கடந்து போய், பாணியாகப் பெயர் பெற்றுத் திரும்பி வந்திருக்கிறது. அதை உடுக்கக் கூச்சப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல.

கொழும்புக்கு இந்த விஷயத்தில் சொந்த வரலாறும் இருக்கிறது. அதை எழுதியவர்களில் முக்கியமான இருவர் பெண்கள். கண்டியில் 1928இல் பிறந்த பார்பரா சன்சோனி, லண்டனில் ஓவியம் படித்துவிட்டு வந்தவர். கொட்டாஞ்சேனைக்காரர் நன்கறிந்த நல்லாயன் சபைக் கன்னியர், தாங்கள் ஆதரித்த ஏழைப் பெண்களுக்குத் தொழிலாக நெசவைக் கற்றுக்கொடுத்தபோது, வடிவமைப்புக்கு அவரை அழைத்தார்கள். அங்கே தொடங்கிய வேலைதான் 1964இல் 'பெயார்ஃபூட்' என்ற கைத்தறி நிறுவனம் ஆனது. செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா, கடல்நீலத்துக்குப் பக்கத்தில் இலைப்பச்சை என்று, அன்றைய கொழும்பு மரியாதையான உடுப்புக்கு ஆகாது என்று எண்ணிய நிறங்களை அவர் கோடுகளாக நெய்யவைத்தார். அந்தத் தறித்துணியிலேயே தளர்வான நீள உடுப்புகளை முதுமையிலும் அவர் உடுத்தார். 2022இல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் மறைந்தார். மற்றவர் ஈனா டி சில்வா. 1922இல் பிறந்தவர். 1955 முதல் 1959 வரை பொலிஸ் மா அதிபராக இருந்த ஒஸ்மண்ட் டி சில்வாவின் மனைவி. அந்தப் பதவிக்குரிய குடும்பத்திலிருந்து சாயமும் மெழுகும் கையில் ஒட்டும் வேலைக்கு நாற்பதை ஒட்டிய வயதில்தான் அவர் இறங்கினார். மகனோடும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவோடும் சேர்ந்து அவர் தொடங்கிய பத்திக் வேலை, ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் கூரை வரைக்கும் போனது. அறுபதை ஒட்டிய வயதில் மாத்தளை அலுவிகாரைக்குத் திரும்பி, ஊர்ப் பெண்களுக்குப் பத்திக்கும் தையல்வேலையும் தொழிலாக அமைத்துக் கொடுத்து, 2015இல் இறக்கும்வரை அதை நடத்தினார். இந்த நாட்டின் நிறத்துணிவு முழுவதையும் இளையவர்கள் கொண்டுவரவில்லை. அதைப் பல பத்தாண்டுகள் காத்து வளர்த்தவை முதிய கைகள்.

இதைவிடக் கனமான சாட்சி உடம்பும் காலநிலையும். பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் மாதவிலக்கு நிற்கிறது. அதை ஒட்டிய ஆண்டுகளில், சிலருக்கு அதன் பிறகும் நெடுங்காலம், திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு வெக்கை ஏறி வேர்த்துக் கொட்டும். அப்போது கழற்றக்கூடியதாக அடுக்கி உடுங்கள், பருத்தியை உடுங்கள் என்றுதான் வைத்தியர்கள் சொல்கிறார்கள். உள்ளே கையில்லாத மெல்லிய சட்டை, மேலே திறந்த அங்கி என்ற பொஹீமியன் அடுக்கு அந்த ஆலோசனைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. பருத்தி நூல் காற்றிலிருந்து தன் எடையில் எட்டு வீதம் அளவுக்கு ஈரம் உறிஞ்சும். பொலியெஸ்டர் அரை வீதத்தைக்கூட எட்டாது. வெள்ளவத்தையில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான பொலியெஸ்டர் சேலைக்குள் கொழும்பின் ஈரவெக்கை எப்படித் தங்குகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இடுப்பைச் சுற்றி உடல் பருக்கும் வயதும் இதுதான். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிச் சேலையை அதில் செருகும்போது அந்த இடம் கன்றிப்போகிறது. தோள்மூட்டு இறுகும் நோய் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், அதிலும் பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் கூடுதலாக வருகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவருக்கு இறுக்கமான சேலைச் சட்டையின் கைக்குள் கையை விடுவதே தண்டனை. முன்பக்கம் திறக்கும், கைக்குழி அகன்ற உடுப்பு அவருக்கு வலியிலிருந்து விடுதலை. இவ்வளவும் இருக்க, உடம்பு கேட்பதைப் பாணி மறுப்பதில்லையே என்று மகிழ வேண்டியவர்கள், உடம்பு மாறிவிட்டதால் பாணி வேண்டாம் என்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

தளர்வாக உடுத்தால் வீட்டு ஹவுஸ்கோட்டோடு வெளியே வந்ததுபோல இருக்கும் என்கிறார்கள். இந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. தளர்வு வேறு, அளவில்லாமை வேறு. இந்தப் பாணியில் தோள் சரியாக இருந்தாக வேண்டும். தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார்ந்தால், கீழே துணி எவ்வளவு விரிந்து விழுந்தாலும் அது தைத்த உடுப்பாகத் தெரியும். தோள் சரிந்துவிட்டால் விலையுயர்ந்த கைத்தறியும் கடன் வாங்கியது போலத் தெரியும். மேலே தளர்வென்றால் கீழே ஒடுக்கம், கீழே விரிவென்றால் மேலே கச்சிதம் என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் விரிவைக் கொடுப்பது நல்லது. கீழ்விளிம்பு கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். 138 பஸ்ஸின் உயரமான படியில் ஏறும்போது தரையைக் கூட்டும் பாவாடை காலில் சிக்கும். எலும்பு மெலியும் வயதில் ஒரு விழுகை மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். நகையிலும் இப்படித்தான். பெரிய தொங்கட்டான்களின் பாரத்தைக் காலங்காலமாகச் சுமந்த காதுத் துளை நீண்டுவிடுகிறது. ஆகவே காதுக்கு இலேசானதும், கழுத்துக்கும் கைக்கும் கனமானதுமாகப் பிரித்துக்கொள்ளலாம். செட்டியார் தெருவின் தங்கத்தை இதற்காக எடுக்க வேண்டியதில்லை. பாட்டியின் வெள்ளி, கதிர்காமத்தில் வாங்கிய மணி, பனையோலைப் பை எல்லாம் ஒன்றாக வரலாம். ஒன்று மட்டும்: எல்லாவற்றையும் ஒரே நாளில் போட வேண்டாம். பல நிறங்களைக் கலக்கும்போது எல்லாவற்றிலும் ஓடும் ஒரு நிறம் இருந்தால் கண் தடுமாறாது.

ஊர் என்ன சொல்லும் என்பதை இலேசாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. உடுப்பை வைத்து மரியாதை அளக்கும் சமூகத்தில் வாழ்பவருக்கு அது உண்மையான அச்சம். 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை அல்லாத வசதியான உடுப்பில் பாடசாலைக்குப் போனபோது நாடு முழுவதும் எழுந்த சர்ச்சையைப் பார்த்தோம். பொருளாதார நெருக்கடியில் பஸ்ஸுக்கும் பெற்றோலுக்கும் அல்லாடிக்கொண்டிருந்த அந்த ஆண்டில்கூட, ஆசிரியையின் சேலை விட்டுக்கொடுக்க முடியாத பண்பாடாகப் பேசப்பட்டது. முப்பது ஆண்டுகள் அந்த விதிக்குள் நின்றவர் ஓய்வுபெற்ற மறுநாள் எதை உடுப்பது என்று திகைப்பது இயல்பு. ஆனால் பண்பாடு என்று சொல்லப்படுவதன் வயதையும் பார்க்க வேண்டும். குறுக்குக்கட்டோடு வாழ்ந்த பெண்களை யாழ்ப்பாணம் அண்மைக்காலம் வரை கண்டிருக்கிறது. கைவைத்த சட்டையும் உள்பாவாடையும் சேர்ந்த இன்றைய சேலைக்கட்டு எல்லோருக்கும் பொதுவானது 20ஆம் நூற்றாண்டில்தான். 'பஞ்சாபி' முதலில் வந்தபோதும் முணுமுணுப்பு இருந்தது. இன்று அதை உடுத்துக் கோயிலுக்குப் போகும் அறுபது வயதுக்காரரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதில் மிகக் கடினமானது கணவனை இழந்தவர்களின் நிலை. போர் முடிந்த பிறகு இந்த நாட்டின் தமிழ்ப் பெண்களில் பெரும் எண்ணிக்கையினர் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். வெள்ளையும் மங்கிய சாம்பலும்தான் அவர்களுக்கு என்று ஒரு சட்டமும் சொல்லவில்லை, சுற்றியிருப்பவர்கள்தான் சொல்கிறார்கள். சிறுவயதிலேயே விதவையாகி, பின்னர் மறுமணம் செய்து, அதிலிருந்தும் விலகி வாழ்ந்தவர் கமலாதேவி சட்டோபாத்யாய். 1952இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைவராக இருந்து, தறிகளையும் கைவினைகளையும் தேடி இந்தியாவின் கிராமங்களுக்கெல்லாம் போனவர். 1988இல் இறக்கும்வரை நிறம் செறிந்த கைத்தறிச் சேலையும் தடித்த நகையுமாகத்தான் அவர் சபைகளில் தோன்றினார். அவரை வெறுமனே அலங்காரப் பிரியர் என்று யாரும் ஒதுக்கவில்லை. நெசவாளர்களின் வேலையைத் தன் உடம்பில் சுமந்து காட்டியவர் அவர். நியூயோர்க்கில் ஐரிஸ் அப்ஃபெல் 84 வயதில், சந்தையில் வாங்கிய காப்புகளும் உயர்ந்த உடுப்புகளும் கலந்த தன் சேகரத்துக்காக 2005இல் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சியே பெற்றார். அங்கே காட்டப்பட்டவை ஏறக்குறைய ஓர் ஆயுள் காலம் சேர்த்தவை. சேர்த்த ஆண்டுகளே அந்தத் தோற்றத்தின் அழகு என்பதை அருங்காட்சியகமே ஏற்றுக்கொண்டது.

இனி விலை. பெரிய கடைகளின் கைத்தறி உடுப்பு ஓய்வூதியத்துக்குள் அடங்காது என்பது சரி. அதற்காகத் தறிக்காரர் விலையைக் குறைக்க வேண்டும் என்று கேட்பதும் சரியல்ல. வழி அலுமாரியில் இருக்கிறது. ஒரு சேலையின் நீளம் ஐந்தரை மீற்றர். நீளச் சட்டை ஒன்றுக்கு மூன்று மீற்றர் போதும். மிஞ்சியதில் கையில்லாத மேலங்கி ஒன்றும் கழுத்துத்துணியும் வரும். பாடசாலைக்கு உடுத்து மென்மையாகிப்போன பருத்திச் சேலைகளும் மருதமுனைக் கைத்தறிகளும் இதற்கு முதல்தரம். பழைய காஞ்சிபுரம் என்றால் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக வெளிச்சம் தெரிந்தால் பட்டு இற்றுவிட்டது. அதை உடுப்பாக வெட்டாமல், நல்ல கரையை மட்டும் எடுத்துப் பருத்தி அங்கியின் ஓரத்தில் தைக்கலாம். இற்றுப்போகாத பட்டுக்கும் உள்ளே பருத்தி உள்துணி கொடுத்தால் வேர்வை நேரே படாது. பத்திக்கைத் தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் போட வேண்டும். தையல்காரரிடம் போகும்போது படம் காட்டுவதைவிட, உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுபோய், இந்தத் தோள், இந்தக் கைக்குழி, இடுப்பில் பிடிக்க வேண்டாம், பின்பக்கக் கொக்கி வேண்டாம், பொக்கெட் இரண்டு வேண்டும் என்று சொல்லுங்கள். சேலைச் சட்டை தைத்துப் பழகியவர் முதல் தடவை எப்படியும் இடுப்பை ஒடுக்கித்தான் தைப்பார். ஆகவே பெறுமதியான சேலையைக் கொடுக்க முதல், கெய்சர் வீதியில் மலிவாக வாங்கிய துணி ஒன்றில் மாதிரி தைத்துப் பார்த்துவிடுங்கள். மாதிரி சரியாக அமைந்தால் அதை அவரிடமே விட்டுவிடலாம். அடுத்த சேலைக்கு அளவெடுக்கும் வேலை இராது.