கைமாறும் காயம்

காலில் முள் தைத்து ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தால், எல்லோரும் கூடி அந்த முள்ளை எடுக்கிறோம். அதே பிள்ளை பாடசாலையில் நாள்தோறும் பட்டப்பெயரால் அழைக்கப்பட்டு, தள்ளிவிடப்பட்டு, விளையாட்டில் எவரும் சேர்த்துக்கொள்ளாமல் தனித்து நின்றுவிட்டு வந்தால், "பிள்ளைகள் என்றால் அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். காலில் தைத்த முள் கண்ணுக்குத் தெரிகிறது. மனதில் தைத்தது தெரிவதில்லை. ஆனால் அதுவும் சீழ் பிடிக்கும்.

எது வதை?

இரண்டு பிள்ளைகள் ஒரு பந்துக்காக அடித்துக்கொண்டு, மாலையில் மறுபடியும் ஒன்றாக விளையாடினால் அது சண்டை. வதை என்பது வேறு. நோர்வே நாட்டு உளவியலாளர் டான் ஒல்வேயஸ் அதற்கு மூன்று அடையாளங்களைக் கூறினார். அது வேண்டுமென்றே செய்யப்படுவது. திரும்பத் திரும்ப நடப்பது. செய்பவர் பலமுள்ளவராகவும் படுபவர் பலமற்றவராகவும் இருப்பது. அடியும் உதையும் மட்டும் வதையாகிவிடுவதில்லை. இழிபெயர் சொல்வதும், ஒதுக்கி வைப்பதும், இன்று கைத்தொலைபேசியில் அவதூறு பரப்புவதும் வதையே.

1982இல் நோர்வேயில் மூன்று சிறுவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டதால், 1983இல் அந்நாட்டு அரசு நாடு முழுவதும் பாடசாலைகளில் இதற்கெதிரான இயக்கத்தை ஆரம்பித்தது.

பேராதனை தரும் பாடம்

எமது நாட்டிலும் இத்தகைய துயரங்கள் நடந்துள்ளன. 1975இல் பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீட மாணவி ஒருவர், பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக விடுதி மாடியிலிருந்து குதித்து, உடல் முடங்கிப்போனார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட மாணவன் வரப்பிரகாஷ், கொடூரமான பகிடிவதைக்கு உள்ளாகி, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டே, கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பகிடிவதை செய்பவருக்கு இரண்டு ஆண்டுகள் வரையும், பாரதூரமான காயம் விளைவித்தால் பத்து ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது.

சட்டம் வந்த பின்னும் பகிடிவதை முற்றாக ஒழியவில்லை. ஏன்? சென்ற ஆண்டு வதைபட்டவர், "நாங்களும் பட்டோம், நீங்களும் படுங்கள்" என்று இந்த ஆண்டு புதிதாக வருபவரை வதைக்கிறார். வதை இவ்வாறு கைமாறிக்கொண்டே போகிறது. இதுவே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

இடம்பெயர்ந்தோர் ஏன் இலக்காகின்றனர்?

வதைப்பவர் எப்போதும் பின்னால் ஆளில்லாதவரையே தேடுகிறார். யுத்தத்தாலோ மண்சரிவாலோ அணைக்கட்டாலோ ஊரைவிட்டு வந்த குடும்பத்துக்குப் பக்கத்தில் உறவில்லை, சொந்தக் காணியில்லை, அதிபரையும் கிராம உத்தியோகத்தரையும் பழக்கமில்லை. பேச்சு வழக்கும் வேறாக இருக்கலாம். புதிய பாடசாலையில் "அகதி", "முகாம்காரன்" என்ற பெயர் பிள்ளைக்கு எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

மலையக மக்களுக்கு இது புதிதல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. "கள்ளத்தோணி" என்ற இழிசொல்லுக்கு அது துணைநின்றது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிப் பயிர் செய்யச் சென்ற எம்மவரை, தமிழ் பேசுபவர்களே "தோட்டக்காட்டான்" என்று அழைத்ததும் உண்டு. இத்தகைய பெயரைப் பலமுறை கேட்ட பிள்ளை ஒருநாள் அதை நம்பத் தொடங்குகிறது. வதையின் மிகப் பெரிய தீங்கு இதுவே.

பிள்ளையில் தெரியும் அடையாளங்கள்

வதைபடும் பிள்ளை பெரும்பாலும் வாய் திறந்து சொல்லாது. அதன் உடல் சொல்லும். பாடசாலை நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி, தலைவலி; தூக்கத்தில் திடுக்கிட்டு எழுதல்; நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் வருதல்; கொப்பி கிழிந்திருத்தல்; படிப்பில் திடீர் வீழ்ச்சி; காரணமின்றித் தம்பி தங்கையை அடித்தல் ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

வளர்ந்தால் மறந்துவிடும் என்பதும் சரியல்ல. பிரித்தானியாவில் 1958இல் பிறந்த 7,771 பிள்ளைகளின் வாழ்க்கையை ஐம்பது வயது வரை தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 2014இல் வெளியாகியது. ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் அடிக்கடி வதைபட்டவர்களிடையே மனச்சோர்வும் பதகளிப்பும் தற்கொலை எண்ணமும் ஐம்பதை அண்டிய வயதிலும் கூடுதலாகக் காணப்பட்டன.

பெரியவர்களும் படுகின்றனர்

பிரட்டுக்களத்தில் நாலுபேர் முன்னிலையில் ஏசப்படும் தகப்பனும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கெட்ட வார்த்தை கேட்கும் தாயும், நிவாரண வரிசையில் "உங்களுக்கு வேறு வேலையில்லையா" என்று விரட்டப்படும் முதியவரும் இதே காயத்தைச் சுமக்கின்றனர். நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை, எதிலும் பிடிப்பின்மை என்பன அதன் விளைவுகள். திருப்பிச் சொல்ல முடியாத கோபம் சாராயத்தில் கரைக்கப்படுகிறது. பின்பு மனைவியின் மேல் இறங்குகிறது. மனைவியின் கோபம் பிள்ளையின் மேல் இறங்குகிறது. பிள்ளை மறுநாள் தன்னிலும் சிறிய ஒருவனை அடிக்கிறது. களத்தில் தொடங்கிய வதை லயத்து அறைக்குள் புகுந்து பாடசாலை வரை செல்கிறது. இந்தச் சங்கிலியை எங்காவது ஓரிடத்தில் ஒருவர் அறுக்க வேண்டும். அதற்கு மிகப் பொருத்தமான இடம் வீடு.

நாம் செய்யக்கூடியவை

1. பிள்ளை சொல்லும்போது முழுவதையும் கேளுங்கள். "நீ என்ன செய்தாய்?" என்று குறுக்கிடாதீர்கள். "திருப்பி அடி" என்பதும் தீர்வல்ல. "சொன்னது நல்லது, இது உன் பிழையல்ல" என்று கூறுங்கள்.

2. நடந்ததைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அயலவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வகுப்பாசிரியரையும் அதிபரையும் சந்தியுங்கள். தனியாகச் செல்பவரைவிட இருவராகச் செல்பவரின் பேச்சு எடுபடும்.

3. தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

4. வதைக்கும் பிள்ளை உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். அடித்துத் திருத்த முயன்றால் அடிப்பதையே அது மேலும் கற்றுக்கொள்ளும். அப்பிள்ளையை வதைப்பவர் யார் என்று முதலில் தேடுங்கள்.

5. வாழ்வதில் பயனில்லை என்று எவராவது சொன்னால் அதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் அரச வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம். பயிருக்கு அடிக்கும் மருந்தைப் பூட்டி வையுங்கள். 1990களின் நடுப்பகுதியில் எமது நாட்டின் தற்கொலை வீதம் உலகிலேயே மிகவும் உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கடும் நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின் அது பெருமளவு குறைந்தது. எட்டாத இடத்தில் இருக்கும் நஞ்சு ஓர் உயிரைக் காக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பணம் தேவையில்லை. இன்று மாலை பிள்ளை வந்ததும், எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன், "இடைவேளையில் யாரோடு இருந்தாய்?" என்று கேளுங்கள். "ஒருவரோடும் இல்லை" என்று பதில் வந்தால், கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுப் பிள்ளையின் அருகில் உட்காருங்கள்.